லேபிளில் இருக்கும் தாத்தா
(வாசகர் கேள்வி – பதில்)

மொரீஷியஸில் சர்க்கரை ஆலையை ஒட்டிய சாராய வடிசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மது பற்றி யார் என்ன கேட்டாலும் ஆசிரியர் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிடுகிறார். போன இதழில் மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு பற்றி நாலு வரி எழுதினேன். அதன் பலன், இந்த மாதக் கட்டில் சாராய வாசம் தூக்கலாக இருக்கிறது. மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மருமகன் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து ஒரு விஸ்கி பாட்டில் கொண்டுவந்தார். முப்பாட்டன் காலத்து வடிசாலை, நூறு வருடம் மூடிக் கிடந்ததாம். பேரப்பிள்ளைகள் இருவர் தற்செயலாகக் கண்டுபிடித்து மீண்டும் திறந்தார்களாம். நம்பலாமா, அல்லது விற்பனைக்காகக் கட்டிய கதையா?
— வாசகர், ரோஸ் ஹில்

நம்பலாம். அது நெல்சன் குடும்பத்தின் கதை. விஸ்கிக்காரர்கள் சொல்லும் குடும்பக் கதைகளில் பாதி, பாட்டி சொன்னதாகப் பாட்டி இறந்த பிறகு சொல்லப்படுபவை. இது அப்படியல்ல; கப்பல் பெயர் முதல் காலன் கணக்கு வரை பதிவில் இருக்கிறது.

ஜான் பிலிப் நெல்சன் என்பவர் ஜெர்மனியில் ஹாகெனோ என்ற ஊரில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அமெரிக்கா போய்ப் பிழைக்கலாம் என்று 1850-இல் எல்லாவற்றையும் விற்றார். கிடைத்த பணத்தைத் தங்கமாக மாற்றி, அந்தத் தங்கத்தைத் தன் உடுப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, மனைவி மக்களோடு ‘ஹெலெனா ஸ்லோமன்’ என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். நடுக்கடலில் புயல். அவர் கடலில் விழுந்தார். உடம்பில் கட்டியிருந்த தங்கமே அவரை அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடும்பத்தை வேறொரு கப்பல் காப்பாற்றியது. நியூயார்க்கில் இறங்கியபோது அவர்களிடம் ஒன்றும் இல்லை. மூத்த மகன் சார்லஸுக்கு வயது 15.

(அதே ஆண்டுகளில் மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நம் தீவுக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. நம்மவர்களுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை. தைத்துக்கொள்ளத் தங்கம் கிடையாது.)

பையன் அப்பாவின் தொழிலான சோப்பையும் மெழுகுவர்த்தியையும் கையில் எடுத்தான். பிறகு சின்சினாட்டியில் இறைச்சிக் கடை. பிறகு நாஷ்வில்லில் மளிகைக் கடை: இறைச்சி, காப்பி, விஸ்கி மூன்றும் விற்றார். எது அதிகம் விலைபோயிற்று என்று உங்களுக்கே தெரியும். 1870-இல் கிரீன்பிரையர் என்ற சிற்றூரில் இருந்த வடிசாலையையே வாங்கிவிட்டார். 1885-இல் மட்டும் ஏறக்குறைய 3,80,000 காலன், அதாவது சுமார் 14 லட்சம் லிட்டர் விற்றது. அந்தக் காலத்தில் அது சின்ன வடிசாலை அல்ல. டென்னசி மாநிலத்திலேயே பெரியவற்றில் ஒன்று. 1891-இல் அவர் இறந்தார். மனைவி லூயிசா பொறுப்பை ஏற்று 18 ஆண்டுகள் நடத்தினார். பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லாத நாட்டில் ஒரு விதவை சாராய ஆலை நடத்தினாள் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். விளம்பரத்தில் தங்கத்தையும் புயலையும்தான் முன்னே நிறுத்துகிறார்கள். கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா பின்னால் போய்விடுகிறார். 1909-இல் டென்னசி மாநிலத்தில் மதுவிலக்கு வந்தது, ஆலை மூடப்பட்டது.

பிறகு 2006 கோடைக்காலம். ஆண்டி, சார்லி என்ற சகோதரர்கள் தங்கள் அப்பாவோடு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மாட்டிறைச்சியை எடுத்துவரக் கிரீன்பிரையருக்குப் போனார்கள். சாலையோரத்தில் ஒரு வரலாற்றுப் பலகை. அதில் தங்கள் குடும்பப் பெயர். விசாரித்தால், கறிக்கடைக்கு அருகிலேயே பழைய கிடங்கு இன்னும் நிற்கிறது, ஆலைக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்று இன்னும் ஓடுகிறது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் பழைய பாட்டில்கள் இரண்டு, உள்ளே சரக்கோடு.

இதுவரை கதை. இதற்கு மேல் தொழில். அதை லேபிளில் எழுதமாட்டார்கள், ஆகவே நான் எழுதுகிறேன். விஸ்கி வடித்தால் அடுத்த நாள் விற்க முடியாது. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். அதுவரை வட்டி யார் கட்டுவது? ஆகவே சகோதரர்கள் முதலில் வேறு ஆலை வடித்த விஸ்கியை வாங்கிக் கலந்து, தாத்தா காலத்துப் பெயர் ஒன்றிட்டு விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் 2014-இல் நாஷ்வில்லில் சொந்தச் செப்பு வாலை (வடிக்கும் பாத்திரம்) ஏறியது. சொந்தமாக வடித்த, தாத்தாவின் செய்முறைப்படியான விஸ்கி 2019-இல் பரவலாக விற்பனைக்கு வந்தது. அதே 2019-இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மதுக் குழுமத்திடம் போனது.

உங்கள் பாட்டிலில் இருப்பது குடும்பக் கதை. பாட்டிலின் லாபத்தில் பெரும்பகுதி அந்த விற்பனையோடு குடும்பத்தின் கையை விட்டுப் போனது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சரக்கு நன்றாக இருந்தால் குடியுங்கள். மருமகனுக்கும் ஊற்றிக் கொடுங்கள், தூக்கிச் சுமந்தவர் அவர்.

‘கைவினை’, ‘சிறு தொகுதி’, ‘குடும்பச் செய்முறை’ என்றெல்லாம் போட்டு இரட்டை விலை வாங்குகிறார்கள். அது நிஜமாகவே அவர்கள் வடித்ததுதானா என்று கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகர், காத்ர் போர்ன்

நீங்கள் சொன்ன மூன்று சொற்களுக்கும் அமெரிக்கச் சட்டத்தில் வரையறை இல்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். ‘வடித்தது’ என்று இருக்கிறதா, ‘தயாரித்தது’ அல்லது ‘பாட்டிலில் அடைத்தது’ என்று இருக்கிறதா? வடித்தவன் வடித்தேன் என்று தயங்காமல் போடுவான். வடித்த மாநிலம் வேறாக இருந்தால் அதையும் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி.

இந்தியானா மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் பிரம்மாண்டமான ஆலை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சீகிராம் நிறுவனத்துடையது, இப்போது எம்.ஜி.பி. கையில். கிராமத்துக் களஞ்சியம், தாடிக்காரத் தாத்தா, குதிரை வண்டி என்று படம் போட்ட எத்தனையோ பாட்டில்களின் சரக்கு அங்கிருந்து லாரியில் போனதுதான். அந்தச் சரக்கு மட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். ரை தானியத்தில் அவர்கள் வடிப்பது அருமையாகவே இருக்கும். வம்பு எங்கே வந்தது என்றால், டெம்பிள்டன் என்ற ரை விஸ்கி அயோவா மாநிலத்து ஊர்ப் பெயரையும் மதுவிலக்குக் காலத்துச் செய்முறையையும் சொல்லி விற்றபோது. வடித்தது இந்தியானாவில் என்று 2014-இல் வழக்குப் போட்டார்கள். 2015-இல் சமரசமாகி, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்டு, லேபிளையும் மாற்றினார்கள்.

வயதையும் பாருங்கள். ஸ்காட்ச் என்றால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு. ‘ஸ்ட்ரெயிட்’ என்ற சொல் உள்ள அமெரிக்க விஸ்கிக்குக் குறைந்தது 2 ஆண்டு. 4 ஆண்டு ஆகவில்லை என்றால் வயதைப் போட்டே ஆகவேண்டும். போன வருடம் திறந்த வடிசாலை எட்டு வயது விஸ்கி விற்றால், கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகளில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறோம். அதில் மதுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது முறையா ஐயா?
— வாசகி, போர்ட் லூயிஸ்

முறையான கேள்வி, அம்மா. ஆனால் இந்தத் தீவில் கரும்பை விலக்கிவிட்டு நம் கதையை எழுத முடியாது. கரும்பை எழுதினால் சாராயம் கூடவே வந்துவிடும். 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தபோது, அதிலிருந்து அவர்கள் எடுத்தது சாராயம்தான். சர்க்கரை பிற்பாடு வந்தது. குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நானும் காவடிக்குக் கொடியேறினால் தொடுவதில்லை. விரதம் முடியும் வரை இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து இங்கேயே சின்ன அளவில் விஸ்கி வடிசாலை தொடங்கலாம் என்று ஆசை. நம் தீவின் வெப்பத்தில் விஸ்கி தேறுமா? என்னென்ன வேண்டும்?
— வாசகர், திரியோலே

வெப்பத்தில் விஸ்கி தேறும் என்று பெங்களூர்க்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள். அம்ருத் என்பது 1948-இல் ஜக்தாலே குடும்பம் தொடங்கிய ஆலை. அவர்களுடைய சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட் தானியம் மட்டும் கொண்டு வடித்த விஸ்கி) 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். திருநெல்வேலிக்கே அல்வா என்பார்களே, அந்தத் துணிச்சல். இன்று அதை உலகமே வாங்கிக் குடிக்கிறது.

ஆனால் வெப்பம் கூலி கேட்கும். பீப்பாயிலிருந்து மது ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். உங்களுக்கு 8 சதவீதம்தான் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் பீப்பாய், 10 ஆண்டு: ஸ்காட்லாந்தில் 163 லிட்டர் மிஞ்சும், உங்களிடம் 87. பாதிக்கு மேல் கூரை வழியாகப் போய்விட்டது. ஆகவே வெப்ப நாட்டில் 12 வயது, 18 வயது என்று கனவு காணக் கூடாது. நாலைந்து வயதிலேயே மரத்தின் நிறமும் மணமும் ஏறிவிடும், எடுத்துவிட வேண்டும். ஆவியாகிப் போனதற்கும் சுங்க அதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பீப்பாய் கிடைப்பது கஷ்டமில்லை. பூர்பன் விஸ்கியைப் புதிதாகக் கரித்த ஓக் மரக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் அவர்களுக்குத் தேவையில்லை. அவை ஸ்காட்லாந்துக்கும் போகும், நம்மூர் ரம் கிடங்குகளுக்கும் வரும். ஆனால் மால்ட் விஸ்கிக்கு வேண்டிய வாற்கோதுமை? அது இங்கே விளையாது. முளைகட்டி உலர்த்திய மால்ட்டைக் கப்பலில் கொண்டுவந்து, கப்பல் கூலி கொடுத்து, பிறகு பல ஆண்டு காத்திருந்து, பாதியை ஆவியாகவும் விட்டு... என்னைக் கேட்டால், உங்களிடம் கரும்புக் காணி இருந்தால் ரம் வடியுங்கள். வெறும் கரும்புச் சாற்றிலிருந்து ரம் வடிக்கச் சட்டம் இங்கே இடம்கொடுத்தது 2006-இல்தான். அதற்கு முன் சாறு சர்க்கரைக்கு, மிஞ்சிய மொலாசஸ் மட்டும் ரம்முக்கு என்று இருந்தது. சட்டம் மாறிய பிறகு 2008-இல் ஷமரேல் மலையில் திறந்த வடிசாலையை இன்று சுற்றுலாப் பேருந்துகள் மொய்க்கின்றன. சாறு ஒரு நாள்கூடத் தாங்காது, புளித்துவிடும். ஆகவே கரும்பு வெட்டும் ஜூலை முதல் டிசம்பர் வரைதான் வேலை. வெள்ளை ரம் சில மாதத்தில் விற்பனைக்கு வரும். விஸ்கிக் கனவை அந்தக் காசில் காணுங்கள்.

இயந்திரம் வாங்குவதைவிட அதன் முன் நிற்கும் ஆளைத் தயார் செய்வது கடினம். ஈஸ்ட் தன் வேலையை முடித்த ஊறலில் சாராயம் 8 சதவீதம் இருந்தால், ஆயிரம் லிட்டரில் தூய சாராயம் 80 லிட்டர். அதில் எல்லாமே குடிக்கத் தகுந்தது அல்ல. செப்பு வாலையைச் சூடாக்கினால் முதலில் வருவது தலை: நகப்பூச்சு போலக் குத்தும் வாசம். அதைத் தனியே ஒதுக்க வேண்டும். பிறகு நடு, அதுதான் பணம். கடைசியில் வால்: நனைந்த அட்டைப்பெட்டியும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. நடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வெப்பமானியும் சாராய அளவு காட்டும் மீட்டரும் ஓரளவு சொல்லும். ஆனால் எனக்குத் தெரிந்த கைதேர்ந்த ஆட்கள் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: குழாயிலிருந்து சில துளிகளை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, சாராயம் பறந்துபோகும் வரை பொறுத்து, மிஞ்சியதை முகர்வார்கள். இனிப்பாக இருந்தால் விடு. ஈரத்துணி வாசம் வந்தால் குழாயை மாற்று. காய்ச்சல் சளியோடு வந்த அன்று வாலை பக்கம் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி. உங்கள் பிள்ளைகளில் எவனுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடன் மனு பிறகு.

உரிமம் கையில் வரும் முன் அடுப்பில் ‘சின்னதாகச் செய்து பார்ப்போம்’ என்று இறங்கிவிடாதீர்கள். அது குற்றம், அதோடு வீட்டுக்குள் சாராய ஆவியும் நெருப்பும் சேர்ந்தால் கூரை மிஞ்சாது. கள்ளச் சாராயத்தில் ஆள் சாவது பெரும்பாலும் யாரோ தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் போனது அப்படித்தான்.

என் கொள்ளுத் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, தோட்டத்தில் கரும்பு வெட்டி, கடைசிக் காலத்தில் சாராய ஆலையில் தொட்டி கழுவியவர். நண்பர்களோடு சேர்ந்து சிறு ரம் தொழில் தொடங்குகிறேன். அவர் பெயரை லேபிளில் போட நினைக்கிறேன். விளம்பரம் செய்பவர், ‘தலைமுறை தலைமுறையாக ரம் வடிக்கும் குடும்பம்’ என்று எழுதச் சொல்கிறார். அப்பா, கூலிக்காரன் பெயரைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், சுய்யாக்

பெயரைப் போடுங்கள், தம்பி. விளம்பரக்காரரின் வாக்கியத்தைப் போடாதீர்கள்.

முதலில் அப்பாவுக்குப் பதில். டென்னசியில் லிஞ்ச்பர்க் என்ற ஊரில் டான் கால் என்ற பாதிரியார் தன் பண்ணையில் விஸ்கி வடித்துவந்தார். உண்மையில் வடித்தது அவர் அல்ல. அங்கே அடிமையாக இருந்த நேதன் கிரீன். ‘நியரெஸ்ட்’ என்று கூப்பிடுவார்கள். பண்ணைக்கு வேலைக்கு வந்த ஒரு சிறுவனுக்கு அவர்தான் தொழில் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறுவன் ஜாக் டேனியல். அடிமை முறை ஒழிந்த பிறகு ஜாக் தனக்கென்று வடிசாலை தொடங்கினார். அதில் முதல் தலைமை வடிப்பாளர் கிரீன். உலகம் முழுக்கத் தெரிந்த கறுப்பு லேபிளில் ஒரு பெயர்தான் இருந்தது. கிரீன் பெயர் பழைய புத்தகம் ஒன்றிலும் ஊர்க்காரர்கள் வாயிலும் மட்டும் கிடந்தது. நிறுவனம் அதை எடுத்துச் சொல்லத் தொடங்கியது 2016-இல். அடுத்த ஆண்டு ஃபான் வீவர் என்ற பெண்மணி கிரீனின் பெயரிலேயே ஒரு விஸ்கியைக் கொண்டுவந்தார். அதைக் கலந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கு வந்தவர் கிரீனின் வழித்தோன்றலான விக்டோரியா ஈடி பட்லர். வேலைக்காரன் பெயர் போட்ட பாட்டிலையும் வாங்கினார்கள், அப்பாவிடம் சொல்லுங்கள்.

தொட்டி கழுவியவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன வேலை என்று இன்று பலருக்குத் தெரியாது. ஊறல் புளிக்கும்போது கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியைக் காலி செய்த பிறகும் அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான தொட்டி. கழுவ இறங்குபவர் முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி மெல்ல இறக்குவார். விளக்கு அடிவரை எரிந்தால் இறங்கலாம். பாதியில் அணைந்தால், தண்ணீரை வாரி அடித்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடியும் விளக்கு. மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். உள்ளே இருப்பவனோடு சும்மா ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான், பதில் வருகிறதா என்று பார்க்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவருக்கு அவர் அப்பா. சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகள் பிரெஞ்சில் இருந்தன. கயிறு பிடித்தவனின் பேச்சு தமிழிலும் கிரியோலிலும் இருந்தது. தொட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்த ஊறல் புளித்து வினிகராகும். எந்த மேலாளரின் செய்முறையும் அதைக் காப்பாற்றாது. உங்கள் கொள்ளுத் தாத்தா ரம் வடிக்கவில்லை என்றாலும், ரம் வடிக்க வழிசெய்தவர். எவ்வளவோ நீல ரத்தக் குடும்பங்களின் சின்னத்தைத் தாங்கிய பாட்டில்களுக்கு அவரைப் போன்றவர்கள்தான் முதலீடு. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்ட காலத்தில் அந்த முதலீட்டைப் போட்டார்கள்.

ஆகவே ‘தலைமுறை தலைமுறையாக வடிக்கும் குடும்பம்’ என்று எழுதுவது பொய் மட்டுமல்ல, அவரைத் தோட்டத்து முதலாளி போல வேடமிட்டு நிறுத்துவது. அவருக்கு அது தேவையில்லை.

கதையை எழுதும் முன் ஆதாரத்தைத் தேடுங்கள். 1834 முதல் 1920-களின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்தத் தீவில் இறங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடம்பில் தழும்பு. பிற்காலத்தில் வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு. அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை எழுதியவர் வெள்ளைக்காரக் குமாஸ்தா, காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆறுமுகம் என்பதை நாலு விதமாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். நெல்சன் சகோதரர்களுக்குச் சாலையோரப் பலகை கிடைத்தது. நமக்குக் குமாஸ்தாவின் கிறுக்கல் இருக்கிறது, அதுவும் ஆவணம்தான்.

கிடைத்தால் லேபிளில் போட வேண்டியது: அவர் பெயர், பதிவு எண், வந்த ஆண்டு, கப்பல் பெயர், செய்த வேலை. அவ்வளவு போதும். கரும்பு யாருடைய காணியில் விளைந்தது, எந்த ஊரில் வடித்தது, யார் வடித்தது என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். நீங்கள் முதலில் வேறு ஆலையிடம் சரக்கு வாங்கித்தான் விற்கப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். காத்ர் போர்ன் வாசகர் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு விஷயம் மட்டும் வீட்டில் கலந்து பேசுங்கள்: கொள்ளுத் தாத்தா உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அத்தை வழி, சின்னத் தாத்தா வழி என்று எத்தனை கிளை இருக்கிறதோ, அத்தனை பேரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களில் யாராவது குடியால் நொந்த வீடாக இருந்தால், அவர் முகத்தைப் பாட்டிலில் பார்ப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்றும் யோசியுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் முகத்தை விட்டுவிட்டுக் கப்பல் பெயரை மட்டும் வையுங்கள்.

என் தந்தை வாங்கி வைத்த விஸ்கி பாட்டில் ஒன்று அலமாரியில் இருபது வருடமாகத் திறக்காமல் இருக்கிறது. லேபிளில் 12 வயது என்று இருக்கிறது. இப்போது அது 32 வயது விஸ்கிதானே? விலை கூடியிருக்குமா?
— வாசகி, மாபூ

இல்லை அம்மா, இன்னமும் 12 வயதுதான். விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாயில் மட்டும். மரத்தோடு உறவு முடிந்து கண்ணாடிக்குள் போன அன்று வயது நின்றுவிடும். சாதாரண வகை என்றால் விலை பெரிதாக ஏறியிருக்காது. இப்போது தயாரிப்பில் இல்லாத வகை என்றால் சேகரிப்பவர்கள் கேட்கலாம். திராட்சை மதுவைப் போலப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள், இல்லாவிட்டால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். சரக்கு கழுத்துவரை அப்படியே இருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் மூடி கசிகிறது என்று அர்த்தம். விற்பதை மறந்துவிட்டு, அண்ணன் தம்பிகள் அடுத்து ஒன்றுகூடும் ஞாயிற்றுக்கிழமை காத்தோ பிமாவோடு (நம்மூர் மிளகாய் வடை) திறந்துவிடுங்கள்.